மேட்டிலிருந்து இறங்கிய புள்ளிகள்

வடிகால் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஊர் மேப்பைப் பார்த்துக்கொள்கிற அவளுக்கு மேப்பக்கா என்று பெயர். தலை நரைத்த இன்ஜினியர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாந்தவர்கள் அந்த மாடியில் நிறையப் பேர். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பவர்கள் என்று சொல்வார்களே, அவள் அந்த ரகம்தான். ஆனால் கண்ட கழுத்தையெல்லாம் அறுக்க மாட்டாள். ஒரே ஒரு கழுத்துக்காக வருஷக்கணக்கில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரர் துரை. மண்டலத்துக்கே பெரிய இன்ஜினியர். சொந்தப் பெயர் அறைக் கதவில் பித்தளைத் தகட்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் தன் ஷூ நுனியைப் பார்த்தே பேசுவார். அதனால் துரை. மேப்பக்கா அவருக்குக் கீழே ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். அவள் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. ஷூவில் அது எழுதியிருக்காதே.

அவள் வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஊரிலுள்ள வாய்க்கால், மழைநீர்த் தேக்கம், பம்பு வீடு எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மோட்டார் ஓடுகிறதா, மழை எவ்வளவு பெய்கிறது என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ஜனங்கள் ஃபோனில் கூப்பிட்டுத் திட்டுகிற புகார்கள். மற்றொரு பக்கம், களத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த டூட்டி ஃபோன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில், நேரப்படி, ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைப்பது அவள் பொறுப்பு. திரைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கும். அதை இடது பக்கம் இழுத்தால் ஊர் பின்னோக்கிப் போகும். எந்த நாள், எந்த நேரம் வேண்டுமோ, அந்த நேரத்து ஊர் புள்ளி புள்ளியாகத் திரையில் எழுந்து நிற்கும்.

மற்றவர்கள் அதைப் பார்த்து, "அடேங்கப்பா, சினிமா மாதிரி இருக்கே!" என்பார்கள். அவள் அந்தப் பட்டையை இழுத்த ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகல்பொழுதைத்தான் தேடினாள்.

அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இதே அலுவலகத்தில் பம்புக்காரர். ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காமல் இறைத்து வெளியே தள்ளுவது அவர் வேலை. அன்று விடிந்ததிலிருந்து மழை. மத்தியானத்துக்கு மேல் சுரங்கப்பாதை கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பியது. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் பெண் ஒருத்தி காரோடு உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. அப்பா கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கண்ணாடியை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பெண் போய்விட்டாள்.

விசாரணை மாநகராட்சிக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் யார்? துரைதான். பம்பின் சென்சார் பெட்டி தன் கணக்கை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அன்றைய மூட்டையை அனுப்புவதற்குள் பெட்டியே மூழ்கிவிட்டது. ஆகவே கம்ப்யூட்டரில் அந்த இடம் காலி. காலி என்றால் தெரியாது என்று அர்த்தம். துரை அதைச் சைபர் என்று எடுத்துக்கொண்டார்.

"மோட்டார் ஓடலைன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. என்னய்யா, தூங்கிட்டியா?" என்று ஷூவைப் பார்த்துக் கேட்டார்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ரத்தம் கொதித்தது. 'பேசுப்பா, வாயைத் திறந்து ஏதாவது பேசேன்' என்று உள்ளுக்குள் கத்தினாள். அவர் பேசவே இல்லை. வேலை போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செத்துப்போன நர்ஸின் அம்மா ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. "நல்லா தூங்குறீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அப்பா யார் முன்னாலும் கண்ணை மூடமாட்டார். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் செருகினால் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவார். தும்மினால்கூட, சட்டென்று கண்ணைத் திறந்து யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். அம்மா இல்லாத வீடு. இதைத் தினமும் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். பார்த்துப் பார்த்து அவள் நெஞ்சு கருங்கல்லாகிப்போனது. ஒரு நாளாவது இந்த மனுஷன் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும்; துரை அதே கூடத்தில், அதே மாதிரி தலைகுனிந்து நிற்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவளை அந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, மேட்டுத் தேக்கத்தின் மதகுக்காரர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மதகுக் கதவை ஏற்றி இறக்கும் வேலை. கை இரண்டும் தூண் மாதிரி இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார், அவர்களோடுதான் சாப்பாடு. அண்ணனுக்கு வேலை போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர், அவளைப் படிக்கவைத்தவர் எல்லாம் அவர்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"அந்தத் துரையை மட்டும் விடாதம்மா. உங்கப்பன் வாயில்லாப் பூச்சி. நீயாவது அவனைத் தெருவுக்குக் கொண்டு வரணும்."

அப்பா சட்டென்று, "சாப்பிடுடா பேசாம" என்பார்.

"நீ சும்மா இருண்ணே, புள்ளைக்காவது ரோஷம் இருக்கட்டும்" என்பார் சித்தப்பா. பிறகு தண்ணீர் குடித்துக்கொண்டே, "மதகுல ஏதும் கருவி மாட்டலையேம்மா?" என்று கேட்பார். "இல்ல சித்தப்பா, மதகுல எதுவும் இல்ல" என்பாள் அவள். இதை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று அவளுக்கு நினைவில்லை. வேலைக்காரர்களுக்கு இருக்கிற சாதாரணக் கவலை என்று விட்டுவிட்டாள்.

பழி வாங்குவதற்கு ஆசை மட்டும் போதாது, சரக்கு வேண்டும். முதலில் அவள் நினைத்தது இதுதான்: துரை தன் குடியிருப்புக்காகப் பம்பு வீட்டுக் கரண்டைத் திருப்பிவிட்டிருப்பார். துரையின் வீடு மேட்டுத் தேக்கத்தின் கரையில் இருந்தது. பெரிய பெரிய வீடுகள், காருக்குத் தரைக்கடியில் அறை. கரண்ட் போன நேரங்களையெல்லாம் மின்வாரியத்திலிருந்து கெஞ்சி வாங்கி வரைபடத்தில் ஏற்றினாள். அன்று பம்பு வீட்டில் கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. போயிருக்கக் கூடாதா என்று அன்றிரவு அவள் கடவுளோடு சண்டை போட்டாள்.

பம்பு இறைக்கிற தண்ணீர் போய் விழும் வாய்க்காலில் வேறொரு சென்சார் இருந்தது. அதையும் ஏற்றிப் பார்த்தாள். அங்கே அன்று தண்ணீர் விடாமல் ஏறியிருந்தது. அப்பா தூங்கவில்லை! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் துரை கழுவுற மீனில் நழுவுற மீன். 'மழைத் தண்ணி ஏறியிருக்கும்மா' என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார். அதற்குமேல் புகார்கள் வேறு குறுக்கே நின்றன. சரிவிலிருக்கும் தெருக்களின் புகார்ப் புள்ளிகள் அத்தனையும், சுரங்கப்பாதை மூழ்கி முடித்த பிறகுதான் திரையில் முளைத்தன. ஆகவே பம்பு நின்றது, சுரங்கப்பாதை நிரம்பியது, தண்ணீர் எதிர்த்துத் தெருக்களுக்கு ஏறியது என்று துரை எழுதிய கதைக்கு வரைபடமே சாட்சி சொன்னது. தன் கையால் கட்டிய வரைபடம் தன் அப்பாவுக்கே எதிராகப் பேசினால் எப்படி இருக்கும்? திரையை உடைத்துவிடலாம் போல இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மழை நாளில். புகார் அறைக்கு ஏதோ கேட்கப் போயிருந்தாள். அங்கே இருப்பவள் ஃபோன்காரம்மா. பொறுமைக்கு அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஃபோன் விடாமல் அடித்தது. ஃபோன்காரம்மா காதில் ஒன்றை இடுக்கிக்கொண்டு, கிடைத்த தாளின் பின்பக்கத்தில் கிறுக்கினாள். மழை விட்டது. எழுந்து சோம்பல் முறித்து, ஒரு டீ குடித்து, மூக்கைச் சிந்தி, சாவகாசமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கிறுக்கியதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட ஆரம்பித்தாள்.

"இப்பத்தான் ஏத்துறீங்களா?" என்றாள் மேப்பக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"பின்ன? ஒரு கையில ஃபோன், ஒரு கையில பேனா. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இப்படித்தான். மழை விட்டாத்தான் தட்டுவேன்."

"அப்போ நேரம்?"

"அதை நான் எதுக்குப் போடணும்? தட்டுன நேரத்தை அதுவே போட்டுக்குது. என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்குற?"

அடிப்பாவி என்று கத்துவதா, அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதா என்று தெரியவில்லை மேப்பக்காவுக்கு. இந்த அலுவலகத்தில் இத்தனை வருஷமாக ஜனங்கள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது கத்தியதையெல்லாம் டீ குடித்த பிறகு கத்தியதாக அல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள்! ஃபோன் மணி உண்மையில் அடித்த நேரம் கீழே இருக்கும் டெலிஃபோன் இயந்திரத்தில் தானாகப் பதிவாகியிருந்தது. யாரும் சீண்டாத அந்த நேரங்களை எடுத்து, ஒவ்வொரு புகாருக்கும் அதன் சொந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பகல்பொழுதை ஓடவிட்டாள்.

முதலில் மேட்டில், தேக்கத்தின் கரையில், துரையின் குடியிருப்பில் நாலைந்து புள்ளிகள். தேக்கம் நிரம்பி வீட்டுக்குள் வருகிறது என்று கூப்பாடு. அப்புறம் அங்கே சத்தமே இல்லை. மழை மட்டும் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால், சுரங்கப்பாதையையே முறைத்துக்கொண்டிருந்ததில் அவள் அதுவரை கவனிக்காத தேக்கத்தின் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. அது இறங்க இறங்க, கீழே புள்ளிகள் கிளம்பின. முதலில் தையற்கடைத் தெரு. அடுத்து பள்ளிக்கூடத் தெரு. அடுத்து சந்தை. ஒவ்வொரு தெருவாக, படி இறங்குவது மாதிரி, புகார்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடந்து வந்தன. கடைசியில் சுரங்கப்பாதை. தண்ணீர் கீழிருந்து ஏறவில்லை, மேலிருந்து வந்திருக்கிறது. யாரோ மதகைத் திறந்திருக்கிறார்கள். எந்தப் பம்பாலும் இறைக்க முடியாத தண்ணீரை அப்பாவின் தலையில் கொட்டியிருக்கிறார்கள்.

"மாட்டினடா மவனே" என்றாள் திரையைப் பார்த்து. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொன்னதில்லை.

மதகடியில் துரை நிற்பதைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அன்றைய டூட்டி ஃபோன்களை ஏற்றினாள். துரையின் புள்ளி அவர் வீட்டில் இருந்தது, நகரவே இல்லை. மதகடியில் வேறொரு புள்ளி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். மதகுக்காரர் என்று வந்தது. அன்று விழுந்த மரத்தை வெட்டப் போயிருந்தேன், மதகுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று விசாரணையில் சத்தியம் செய்த சித்தப்பா, அந்த மத்தியானம் முழுக்க மதகை விட்டு அசையவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேராக மாடி ஏறினாள். சித்தப்பா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மரம் வெட்டப் போனீங்களா சித்தப்பா, மதகைத் திறக்கப் போனீங்களா?"

அவர் கையிலிருந்த ஈரச்சட்டை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை.

"மதகுலதான் கருவியே இல்லையேம்மா..."

"ஜனங்க வாய்தான் கருவி. தெருத்தெருவா கூப்பிட்டுக் கத்தியிருக்காங்க. உங்க ஃபோனும் உங்க சட்டைப் பையிலதானே இருந்துச்சு?"

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். துரை வீட்டிலிருந்து கூப்பிட்டாராம். திற, இல்லாவிட்டால் வேலை இருக்காது என்றாராம். திறந்தாராம். நர்ஸ் செத்த பிறகு, வாயைத் திறந்தால் ஜெயிலுக்கு நீதான் போவாய் என்றாராம். "எய்தவன் இருக்க அம்பை நோகாதம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கப்பா நாற்காலியில நெட்டுக்குத்தா உட்காந்திருக்காரு, பாத்துக்கிட்டேதானே எதிர்ல உட்காந்து சாப்பிட்டீங்க? தொண்டையில எப்படி இறங்குச்சு?"

"இதை யாருக்கும் போட்டுக் காட்டாதம்மா. ஒரே ஒரு தடவை உங்கப்பாகிட்ட கேட்டுட்டு அப்புறம் செய். உன் கால்ல விழறேன்."

"கேட்டா அவரு வேணாம்னுடுவாரு. தம்பின்னா அவருக்கு உயிராச்சே. நான் கேக்க மாட்டேன்."

அவள் இறங்கி வந்தபோது அப்பா நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். "என்னம்மா, மேல சத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவருக்கு டீ போடப் போனாள்.

சந்தர்ப்பம் தானாக வந்து மடியில் விழுந்தது. புது வரைபடத்தை மேயருக்கும் சபைக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று துரைக்கு ஆசை பிறந்தது. தன் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொண்டால் அடுத்த பதவி உறுதியாயிற்றே. அவளைக் கூப்பிட்டு ஷூவிடம் சொன்னார்: "பழைய வெள்ளம் ஒண்ணைப் போட்டுக் காட்டணும். எதைப் போடலாம்?"

"அந்தச் சுரங்கப்பாதையே இருக்கே சார். பம்பு ஆளு தூங்குன கேஸு. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

"அட, சரியா சொன்ன. பளிச்சுன்னு இருக்கும். அதையே வை."

"நீங்களே ஓட்டிக் காட்டுங்க சார். நான் ஓரமா இருக்கேன்" என்றாள் அவள், அதே சிரிப்போடு. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று துரைக்குத் தோன்றவில்லை. கீழே இருப்பவர்கள் செய்த வேலையைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

அதே மாநகராட்சிக் கூடம். முன்வரிசையில் மேயர், உறுப்பினர்கள். பின்னால் களத்து ஊழியர்கள். சித்தப்பாவும் இருந்தார், முகம் சாம்பல் பூத்து. கடைசி வரிசையில், மகள் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், நர்ஸின் அம்மா. மேப்பக்காதான் வீடு தேடிப் போய் அழைத்து வந்திருந்தாள். "எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "வந்து பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

துரை பட்டையை இழுத்தார். "பாருங்க, காலத்தையே பின்னால கொண்டு போறோம்!" என்றார். கைதட்டல். மேட்டில் முதல் புள்ளி முளைத்தது. உற்சாகத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒவ்வொரு புள்ளியையும் தொட்டா, யார் கூப்பிட்டது, என்ன சொன்னாங்கன்னு வரும்" என்று சொல்லிக்கொண்டே தொட்டார்.

சுவர் அகலத்துக்கு எழுத்து விரிந்தது. ஃபோன்காரம்மா காதில் விழுந்ததை அப்படியே தட்டி வைப்பவள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். 'இன்ஜினியர் அய்யா வீட்டம்மா. கார் நிறுத்துற இடத்துல தண்ணி. அய்யா மதகைத் திறக்கச் சொல்லிட்டாராம். ஏன் இன்னும் வடியலைன்னு கேக்குறாங்க.' ஃபோன்காரம்மா தட்டிய நேரத்தோடு கிடந்தபோது, எல்லாம் முடிந்து முறைப்படி மதகு திறந்த பிறகு வந்த சாதாரணப் புகார் மாதிரி இருந்தது அது. சொந்த நேரம் கிடைத்ததும் அது வேறு பேச்சு பேசியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இங்கே நுணலின் பெண்டாட்டி வாயால்.

துரை பட்டையை நிறுத்தத் தேடினார். விரல் எங்கேயோ பட்டு இன்னும் வேகமாக ஓடியது. தையற்கடைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, சந்தை. புள்ளிகள் கூடத்தின் எதிரே படி படியாக இறங்கின. சுரங்கப்பாதையில் கடைசிப் புள்ளி எழுந்து நின்றது. அது அந்த நர்ஸ் காருக்குள்ளிருந்து கூப்பிட்டது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

நர்ஸின் அம்மா எழுந்து நடந்து முன்னால் வந்தாள். துரையின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா தூங்குறீங்களாய்யா?"

அந்த நொடியை மேப்பக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். வருஷங்களாகத் தீட்டிய கத்தி இறங்கியது. துரை தலைகுனிந்தார். இந்த முறை ஷூவைப் பார்க்கக் குனியவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அப்படி இனிக்கக் கூடாது என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்கு இனித்தது, அவ்வளவுதான்.

ஆனால் துரை துரைதானே. மேயர் விளக்கம் கேட்டதும் நிமிர்ந்துகொண்டார். "என் சம்சாரம் பதற்றத்துல ஏதோ உளறியிருக்காங்க. நான் யாருக்கும் உத்தரவு போடலை. மதகை யாரு திறந்தது? தானா திறந்துக்குமா? திறந்தவன் யாருன்னு காட்டச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு, முதல் முறையாக மேப்பக்காவின் முகத்தைப் பார்த்தார். கூடமே அவளைப் பார்த்தது.

டூட்டி ஃபோன் புள்ளிகளை அவள் மறைத்துத்தான் வைத்திருந்தாள். அப்படியே விட்டிருந்தால் சித்தப்பா தப்பிப்பார். துரையும் தப்பிப்பார். பின்வரிசையில் இருந்த சித்தப்பாவின் கண்ணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விரலை வைத்து அழுத்தினாள். மதகடியில் புள்ளி எரிந்தது.

சித்தப்பா தானாகவே எழுந்து நின்றார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? "நான்தான் திறந்தேன். அய்யா ஃபோன்ல சொன்னாரு, திறந்தேன்" என்றார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரையையும் அவரையும் ஒரே வாசல் வழியாக அழைத்துப் போனார்கள்.

மறுநாள் காலையில் நர்ஸின் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தாள். மேப்பக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். இதற்காகத்தானே இத்தனை வருஷம்! அப்பா நாற்காலியில் இருந்தார். முந்தின நாள் நடந்ததை மகள் வாயிலிருந்து கேட்டதிலிருந்து அவர் ஒன்றும் பேசியிருக்கவில்லை. அதிர்ச்சி, சரியாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அன்னைக்கு உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டேன்யா. தப்பு பண்ணாத மனுஷனைக் கேட்டுட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள் அந்த அம்மா.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்க கேட்டது சரிதாம்மா. என் தம்பி அன்னைக்குப் பம்பு வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டான். அண்ணே, திறக்கச் சொல்லி மிரட்டுறாரு, என்ன செய்யட்டும்னு அழுதான். நான்தான் சொன்னேன், நாலே நாலு சுத்து திறடா, அதை நான் பம்பு வச்சுத் தள்ளிடுறேன்னு. என் பம்பு மேல எனக்கு அவ்வளவு திமிரு. அவன் பயத்துல சக்கரம் நிக்கிற வரைக்கும் சுத்திட்டான். நான் வேணாம்டான்னு சொல்லியிருந்தா அவன் தொட்டிருக்கவே மாட்டான். உங்க பொண்ணு என்னாலயும்தாம்மா போயிட்டா."

அந்த அம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?" என்றாள் மகள்.

"நீ கேக்கவே இல்லையே. இத்தனை வருஷத்துல, அப்பா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சுன்னு ஒரு நாள் கேட்டியா? துரை துரைன்னே இருந்த." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுக்கு ஒருத்தன் தலையைக் கொடுத்தாப் போதும்னு நான் கொடுத்தேன். இப்ப என் தம்பியையும் எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்குற."

துரைக்கு வேலை போனது, வழக்கு நடக்கிறது. சித்தப்பாவுக்கும்தான். மாடி பூட்டிக் கிடக்கிறது. தெருவில் அப்பாவை இப்போது யாரும் தூங்குமூஞ்சி என்பதில்லை. எதிரே வந்தால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அலுவலகத்தில் மேப்பக்காவைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். புகார் அறையில் இனி ஃபோன் அடித்த நேரத்தைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஃபோன்காரம்மா அதற்கு இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், சுவரைப் பார்த்தபடி. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து வாசற்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறார். அவள் டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகும்வரை திறப்பதில்லை.